ஆவாரையா, வேறொன்றா?

வறண்ட பாறைச் சரிவில் மஞ்சளாகப் பூத்திருப்பதெல்லாம் ஆவாரை ஆகிவிடாது. பூவை மட்டும் பார்த்தால் பொன்னாவிரையும் தகரையும் ஏமாற்றிவிடும். இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். காம்பு தண்டில் சேருமிடத்தில், சிறுநீரக வடிவில், இலைபோலவே அகன்ற செதில்கள் இருந்தால் ஆவாரைதான். ஒவ்வொரு சிற்றிலை இணைக்கு நடுவிலும் ஒரு சிறு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். பொன்னாவிரைக்கோ காம்படியில் ஒன்றே ஒன்று. ஆவாரையின் காய்? தட்டை, காகித மெல்லிசு.

பூவில் தேன் கிடையாது. பிறகு வண்டு ஏன் வருகிறது? மகரந்தத்துக்காக. மகரந்தப்பை நுனித்துளை வழியாகத்தான் திறக்கும். எனவே கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு, ரீங்காரத்தோடு உடலை அதிரவைத்துத் தூளை உதிர்க்கிறது. கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது!