ஒத்திகையே வென்றது!

வேலைநிறுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளிகள் முகம் சுளிக்கின்றனர். அவர்தம் ஏடுகளோ, தொழில் கெடும், ஊர் கெடும் என்று ஒப்பாரி வைக்கின்றன. தொழிலாளி விரும்பியா பட்டினியை விலை கொடுத்து வாங்குகிறான்? மற்ற வழியெல்லாம் அடைபட்ட பின் அவன் தட்டும் கடைசிக் கதவன்றோ அது! ஆனால், அந்தக் கதவில் கை வைத்தவுடனேயே நிர்வாகம் இறங்கி வந்த வரலாறும் உண்டு. நம் தோழர்கள் அதை அறிந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்காவில் யு.பி.எஸ். என்றொரு நிறுவனம், பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது அதன் தொழில். 1907-இல் சியாட்டில் நகரில் ஜேம்ஸ் கேசி என்ற இளைஞர் 100 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது. 2022-இல் அதன் வருவாய் சுமார் 10,000 கோடி டாலர்! பழுப்புச் சீருடைத் தொழிலாளி படியேறி இறங்காவிட்டால் இதில் ஒரு காசேனும் உண்டா?

சீருடை ஒன்று, ஊதியம் ஒன்றன்று. 2018-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஓட்டுநரை இரு சாதியாக்கிற்று. அதே வண்டி, அதே வீதி, அதே சுமை. புதிய பிரிவில் சேர்ந்தவனுக்கோ குறைந்த கூலி! வாக்களித்தவரில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர். ஆனால் வாக்களிக்க வந்தவர் பாதிப்பேர்கூட இல்லை. அதைச் சாக்காக்கி, பழைய விதியொன்றைக் காட்டி, அன்றைய சங்கத் தலைமை ஒப்பந்தத்தை ஏற்றுவிட்டது.

முதலாளியின் அடியைவிடச் சொந்த வீட்டில் விழுந்த அடி வலித்தது. சங்கமே வேண்டாமென்று ஓடினரா? இல்லை! 1903-இல் குதிரைவண்டி ஓட்டிகள் கண்ட டீம்ஸ்டர்ஸ் சங்கம் அது. 2021-இல் அந்த விதியை ஒழித்தனர். ஷான் ஓ'பிரையனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். சங்கத்தைத் திருத்திய பின் முதலாளியை நோக்கித் திரும்பினர்.

ஒப்பந்தம் முடியும் நாள் 2023 ஜூலை 31. சுமார் 3,40,000 தொழிலாளர். வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் கேட்டபோது, வாக்களித்தவரில் நூற்றுக்கு 97 பேர் ஆம் என்றனர். ஜூலை 5-இல் பேச்சுவார்த்தை முறிந்தது. தொழிலாளர் சோர்ந்தாரில்லை; வேலைக்குள் நுழையுமுன் பதாகை ஏந்தி வாயிலில் நின்று மறியலுக்கு ஒத்திகை பார்த்தனர்! வெறும் மிரட்டல் என்று நிர்வாகம் நகைக்க முடியுமா? 1997-இல் 1,85,000 பேர் 15 நாள் வேலையை நிறுத்தி, 10,000 முழுநேர வேலைகளுக்கு உறுதி பெற்றதை அது மறக்குமா?

ஜூலை 25-இல் உடன்பாடு பிறந்தது. ஒரு நாள்கூட வண்டி நிற்கவில்லை. இரண்டாம் சாதி ஓட்டுநர் என்ற பிரிவு ஒழிந்தது. பகுதிநேரத் தொழிலாளிக்குத் தொடக்கக் கூலி மணிக்கு 21 டாலர். ஏற்கெனவே பணியில் இருப்போர்க்கு ஐந்தாண்டில் மணிக்கு ஏழரை டாலர் உயர்வு. கோடையில் அனலாய்க் கொதித்த வண்டிகளுக்குப் பதில், 2024 முதல் வாங்குபவற்றில் குளிர்சாதனம். ஆகஸ்டில் நூற்றுக்கு 86 பேர் ஒப்புதல் தந்தனர். முதலாளி மனமிரங்கித் தந்தாரா? ஓங்கிய கையைக் கண்டு தந்தார்!

இத்துடன் முடிந்ததா? 2025 ஏப்ரலில் அதே நிறுவனம் 20,000 வேலைகளைக் குறைப்போம், 73 கட்டடங்களை மூடுவோம் என்று அறிவித்தது. கூலி உயர்ந்தால் மட்டும் போதுமா? வேலை நிலைக்க வேண்டாமா? இந்த ஒப்பந்தம் முடிவது 2028 ஜூலை 31-இல். அந்த நாளுக்கான ஒத்திகையைக் கடைசி வாரத்தில் தொடங்க முடியாது.

தோழர்களே! 2018-இல் அவர்களைத் தோற்கடித்தது முதலாளியின் பணம் மட்டுமன்று. வீட்டிலேயே தங்கிவிட்ட பாதிப்பேரின் வாக்கும்தான். 2023-இல் வென்றது, வாயிலுக்கு வந்து நின்ற கால்கள். சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வரும் மாலையில், நாம் எங்கே இருக்கிறோம்?