நூல் நம்பரும் சாரல் காலத்து எடையும்

தறிக்குப் புதியவர், 60-ஆம் நம்பர் நூல் 40-ஆம் நம்பரைவிடப் பருமனானது என்று எண்ணிவிடுவதுண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. 840 கஜ நீளங்கொண்டது ஒரு சிட்டா. ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டாக்கள் அடங்குகின்றனவோ, அதுவே பருத்தி நூலின் நம்பராகும். ஆகவே நம்பர் ஏற ஏற இழை மெலியும். 40-ஆம் நம்பரில் பவுண்டுக்கு 33,600 கஜம். கிலோவுக்கு ஏறத்தாழ 67 கிலோமீட்டர். தென்காசியில் ஒரு முனையைக் கட்டித் திருநெல்வேலி வரை இழுத்தாலும் நூல் மிஞ்சும்!

நாம் நூலைப் பெறுவது எடையால், நெய்வதோ நீளத்தால். குற்றாலத்துச் சாரல் இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முற்றும் உலர்ந்த நூலின் எடையில் நூற்றுக்கு 8.5 பங்கு ஈரத்தை வாணிப வழக்கம் ஒப்புக்கொள்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அது மேலும் ஏறக்கூடும். தராசு கூடுதலாகக் காட்டும், நீளம் கூடாது. நெல் பயிரிடும் அங்கத்தினர்கள் இதன் மறுபக்கத்தை அறிவார்கள்: களத்தில் காயக் காய எடை குறையும், மணிகள் குறைவதில்லை.

10 பவுண்டு, அதாவது 4.54 கிலோ எடையுள்ள 40-ஆம் நம்பர் கட்டில் 400 சிட்டாக்கள் இருத்தல் வேண்டும். எண்ணும்போது 375 தான் இருப்பின், 21,000 கஜம் குறைவு. துணி குறைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் நெய்தவரே அன்றோ? காரணம் ஈரமாக இருக்கலாம். நம்பர் குறைந்த நூலாகவும் இருக்கலாம். வெயில் கண்ட நாளில் நிழலில் உலர்த்தி மறுபடியும் நிறுத்துப் பார்க்கவேண்டும். எடை இறங்கினால் ஈரம். இறங்காவிடில் நூலே வேறு.