உலகம் ஏன் சுருங்கவில்லை?

நடுவில் கரு. அதைச் சுற்றி ஓடும் எலக்ட்ரான்கள். சூரியனைக் கிரகங்கள் சுற்றுவது போன்ற இந்த அணுப் படத்தைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்க்காதவர்கள் குறைவு.

ஆனால், இந்தப் படம் உண்மையானால் உலகமே இருக்க முடியாது! மலையும் மனிதனும் கண் இமைப்பதற்குள் சுருங்கிப் போயிருக்க வேண்டும்.

முட்டித் திரும்பியது

இந்தப் படத்துக்கு வித்திட்டவர் ரதர்போர்டு. நியூசிலாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தில், மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்தவர்.

1909-ம் ஆண்டில் அவருடைய உதவியாளர் கைகரும், மாணவர் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகட்டின் மீது ஆல்பா துகள்களை மோதவிட்டார்கள். எல்லாம் ஊடுருவிப் போய்விடும் என்றே நினைத்தார்கள். ஆனால், சுமார் 8 ஆயிரத்தில் ஒரு துகள் முட்டித் திரும்பியது!

அணுவின் எடை நடுவில் ஒரு சிறு இடத்தில் குவிந்து கிடக்கிறது என்று 1911-ல் ரதர்போர்டு அறிவித்தார். தங்கத்தின் அணுவை ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினால், அதன் கரு ஓர் எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும்.

கணக்கு இடித்தது

வட்டமிடும் மின்துகள் ஒளியை வீசும். அதனால் அதன் சக்தி குறையும். இது அந்தக் காலத்திலேயே தெரிந்த விதி.

சக்தி குறைந்தால், எலக்ட்ரான் சுழன்று சுழன்று கருவில் விழுந்துவிடும். எவ்வளவு நேரத்தில்? ஒரு விநாடியைப் பத்தாயிரம் கோடி கூறாக்கினால், ஹைட்ரஜன் அணுவுக்கு அதில் இரண்டு கூறு கூட ஆகாது!

இன்னொரு குறையும் உண்டு. அப்படி விழும் எலக்ட்ரான் எல்லா நிற ஒளியையும் வீச வேண்டும். ஹைட்ரஜனோ குறிப்பிட்ட சில நிறக் கோடுகளையே காட்டியது.

அணு எப்படி நிலைத்து நிற்கிறது என்ற கேள்வியை, இப்போதைக்கு வேண்டாம் என்று ரதர்போர்டு தம் கட்டுரையிலேயே ஒதுக்கி வைத்திருந்தார்.

இளைஞரின் துணிச்சல்

1912-ல் டென்மார்க்கைச் சேர்ந்த 26 வயது நீல்ஸ் போர் மான்செஸ்டருக்கு வந்தார். அவர் கருவை விட்டுவிட்டு, விதியில் கை வைத்தார். குறிப்பிட்ட சில பாதைகளில் ஓடும்வரை எலக்ட்ரான் ஒளி வீசாது; ஒரு பாதையில் இருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் வீசும் என்று 1913-ல் சொன்னார். ஹைட்ரஜன் கோடுகள் கணக்கோடு பொருந்தின!

ஆனால் அடுத்த அணுவான ஹீலியத்துக்கே அவர் கணக்கு பொருந்தவில்லை. 1925, 1926-ம் ஆண்டுகளில் பிறந்த குவாண்டம் இயக்கவியல் அந்தப் பாதைகளையே அழித்துவிட்டது. எலக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்றுதான் அது சொல்லும்.

புத்தகப் படத்தில் எலக்ட்ரான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வட்டம் பொய். நடுவில் இருக்கும் கரு மட்டும் மெய்!