தோட்டாவுக்கு என்ன விலை?

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் எம்மவர் வழங்குவர். எழுவான்கரையிலுள்ள ஆரையம்பதியிலே பிறந்து வளர்ந்த எமக்குத் துவக்குச் சத்தம் புதியதன்று. படுவான்கரையில் வேளாண்மை கதிர் தள்ளும் காலத்தில், பன்றியையும் யானையையும் வெருட்டுவதற்குக் காவற்காரர் இராவில் வைக்கும் வெடியைப்பற்றி முதியோர் கதை கதையாய்ச் சொல்வர். அது பயிரைக் காக்கும் வெடி. பின்னர், 1983-இல் மூண்டு 2009-இல் முடிந்த போர்க்காலத்திலே நாம் கேட்ட வெடிகளைப்பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. என் வயதினர் சிறுவராய் இருந்தபோது தெருவோரத்திற் கிடந்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, வாயில் வைத்து ஊதிச் சத்தம் எழுப்பி விளையாடினோம். இன்று நினைத்தாலும் நெஞ்சு பதைக்கின்றது.

ஆதலால், என் மாணவன் ஒருவன் கடேற் எனப்படும் பாடசாலை மாணவர் படையின் பயிற்சிக்காக றந்தம்பைக்குப் போய் வந்து, தன் சட்டைப்பையிலிருந்து சிறிய பித்தளைக் கோது ஒன்றை எடுத்து என் மேசைமீது வைத்தபோது, நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். அவனுக்கோ கண்கள் ஒளிர்ந்தன. வாழ்நாளில் முதன்முறையாகக் குறிப்பலகையைச் சுட்டவன் அவன். அந்தக் கோதை அவனுடைய தாயார் வீட்டுப் படியேற விடவில்லையாம். அதனாற்றான் அது என் மேசைக்கு வந்தது.

“சேர், இந்தத் தோட்டா ஒண்டு என்ன விலை வரும்? மலிவா எதை வாங்கிச் சுடலாம்?” என்று அவன் கேட்டான்.

சிறுபிள்ளைக் கேள்வி என்று இதைத் தள்ளிவிடுதல் ஆகாது. 2024-இல் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டிலே, 50 மீற்றர் றைபிள் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் பெற்றுக் கொடுத்தவர் ஸ்வப்னில் குசாலே. மகாராட்டிர மாநிலத்துக் கோலாப்பூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். இரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவர். அவருடைய தந்தையார் ஒரு பாடசாலை ஆசிரியர். மகனுடைய பயிற்சி இடையில் நின்றுவிடாதிருக்கத் தோட்டா வாங்குவதற்கென்றே அவர் வங்கியிற் கடன் பெற்றார் என்று பதக்கச் செய்தியோடு பத்திரிகைகள் எழுதின. ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு அந்தச் செய்தி பதக்கத்தை விடப் பெரிதாகப் பட்டது. அந்தப் போட்டியின் தகுதிச் சுற்றுக்கு மாத்திரம் 60 தோட்டா வேண்டும். அதற்காகச் செய்யும் பயிற்சிக்கு எத்தனை ஆயிரம் வேண்டுமென்று கணக்கிட்டுப் பார்த்தால், றைபிளின் விலையன்று, தோட்டாவின் விலையே ஏழைப் பிள்ளையைக் களத்துக்கு வெளியே நிறுத்துவது என்பது புலப்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எமது நாட்டிலே தோட்டா பலசரக்குக் கடையில் வாங்கும் பொருளன்று. 1916-ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். தோட்டாவும் அந்த அனுமதியை ஒட்டியே வரும். மாணவன் சுடுவது படையணியின் அல்லது கழகத்தின் துப்பாக்கியை. அவன் கையில் எண்ணிக் கொடுக்கப்படுவதும் அவர்களுடைய தோட்டாவே. ஆகையால் ‘எதை வாங்கலாம்’ என்ற கேள்விக்கு விடை தேடவேண்டியவர் கழகப் பொறுப்பாளர். ஆனாலும் சுடுகின்றவனும் அந்த விடையை அறிந்திருப்பது நன்று.

பயிற்சிக் களங்களிலே உலகெங்கும் பெருவழக்காயுள்ளது .22 அங்குலத் தோட்டா. பேச்சிலே ‘பொயின்ற் ரூரூ’ என்பார்கள். இன்று நாம் காணும் நீண்ட வடிவம் 1887-இல் அமெரிக்காவின் ஸ்ரீவன்ஸ் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. இதிலுள்ள ஈயச் சன்னத்தின் நிறை வழக்கமாக 40 கிறெயின், அதாவது 2.6 கிறாம். பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவிலே தனியாகப் பொருத்திய ஒரு சிறு கிண்ணத்திலே தீமூட்டும் மருந்து இருக்கும். சுட்ட பின் அதை மாற்றி, கோதை மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். மேல்நாட்டு வேட்டைக்காரர் பலர் அவ்வாறே சிக்கனம் செய்கின்றனர். ஆனால் .22 தோட்டாவில் அந்த மருந்து கோதின் விளிம்பு மடிப்புக்குள்ளே பூசப்பட்டிருக்கின்றது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியே தீ மூட்டுகின்றது. நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். ஆகையால் இங்கே சிக்கனத்துக்கு ஒரே வழி, வாங்கும்போதே அறிந்து வாங்குதல்.

கடைப் பட்டியலைப் பார்த்தால் மூவகை தென்படும். மிக உயர்ந்தது போட்டித் தோட்டா. இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்துப் பெயர் தாங்கிய லாபுவா முதலிய நிறுவனத்தார் செய்வது. நடுவிலுள்ளது சாதாரண வேகத் தோட்டா. மற்றையது ‘அதிவேகம்’ என்று பெட்டியிலே கொட்டை எழுத்திற் போட்டு வருவது. போட்டித் தோட்டா ஒன்றின் விலைக்குச் சாதாரணத் தோட்டா நான்கைந்து வாங்கலாம். அதிவேகத் தோட்டா சாதாரணத்தின் விலைக்கே, சில வேளை அதனிலும் குறைவாகக்கூடக் கிடைக்கும். இளைஞர் மனம் அங்கேதான் வழுக்குகின்றது. வேகம் கூடினாற் குறியும் கூடும் என்று எண்ணுகின்றனர்.

உண்மை அதற்கு மாறானது. எம் கடற்கரையின் 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். மலைநாட்டின் குளிரில் அது 340 அளவிற்கு இறங்கும். அதிவேகத் தோட்டாவின் சன்னம் குழலைவிட்டு ஏறக்குறைய 375 மீற்றர் வேகத்தில், ஒலியை முந்திக்கொண்டு புறப்படுகின்றது. காற்று அதைத் தடுக்கத் தடுக்க, போகும் வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகின்றது. அந்த எல்லையைக் கடக்கும்போது சன்னத்தைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் குழம்பி, சன்னம் சிறிது தள்ளாடும். சாதாரண வேகத் தோட்டாவோ 330 மீற்றரளவிற் புறப்படுவதால் அந்த எல்லையைத் தொடுவதேயில்லை. ஒலிம்பிக் வீரர்கள் சுடுவதும் ஒலிக்குக் கீழ்ப்பட்ட வேகமுள்ள தோட்டாவையே. களத்திலே காகிதத்தைச் சுடப் போகின்றவன் அதிவேகப் பெட்டியை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம். சத்தம் வேண்டுமென்றாற் சீனவெடி இருக்கின்றது.

அப்படியானாற் போட்டித் தோட்டாவுக்கு ஏன் அவ்வளவு விலை? ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 330 மீற்றர் வேகத்திற் புறப்படும் சன்னம் 50 மீற்றர் தூரத்தைக் கடக்க ஆறிலொரு செக்கனளவு எடுக்கின்றது. அதற்குள் புவியீர்ப்பினால் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் கீழே விழுகின்றது. அந்த வீழ்ச்சியை ஈடுசெய்தே குறிநோக்கி அமைக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு தோட்டாவிலே மருந்து சிறிது குறைந்து வேகம் 10 மீற்றர் தாழ்ந்தால், சன்னம் மேலும் 7 மில்லிமீற்றரளவு கீழே போய்ப் படும். 50 மீற்றர்ப் பலகையிற் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர்தான். சுடுகின்றவன் சிறிதும் பிழைவிடாதிருந்தும் தோட்டா பிழைவிட்டுவிடும். ஒவ்வொரு தோட்டாவும் மற்றையதைப் போலவே இருக்கவேண்டும் என்பதற்காகவே அந்தப் பெரிய விலை கொடுக்கப்படுகின்றது.

இனி, பலகையை 25 மீற்றருக்குக் கொண்டுவாருங்கள். பறக்கும் நேரம் பாதியாகின்றது, வீழ்ச்சி காற்பங்காகின்றது. அதே குறைபாட்டினால் விளையும் பிழை இப்பொழுது 2 மில்லிமீற்றருக்கும் உட்பட்டதே. புதிதாகப் பழகுகின்றவனுடைய மூச்சும், விரலின் அவசரமும், தோளின் நடுக்கமும் சன்னத்தை இதைப்போற் பன்மடங்கு விலக்கிவிடும். அவன் கையிலே போட்டித் தோட்டாவைக் கொடுப்பது, நெடுங்கணக்கு எழுதப் பழகும் பிள்ளைக்குத் தங்கப் பேனா வாங்கிக் கொடுப்பதை ஒக்கும். ஒரு போட்டித் தோட்டாவின் விலைக்கு நான்கு சாதாரணத் தோட்டா சுட்டவன் நான்கு முறை பிழைவிட்டு நான்கு முறை திருத்திக்கொள்கின்றான். 25 மீற்றர்க் களத்திலே பொழுதுபோக்காகச் சுடுகின்றவனுக்குச் சாதாரண வேகமுள்ள வெறும் ஈயச் சன்னத் தோட்டாவே போதும் என்பது என் துணிபு. 50 மீற்றருக்குப் போய், அடுத்தடுத்த துளைகள் நெருங்கி விழத் தொடங்கியபின் உயர்ந்ததை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் ‘சாதாரணம்’ என்ற பெயரில் வருவன எல்லாம் ஒன்றல்ல. ஒவ்வொரு றைபிளுக்கும் ஒவ்வொரு விருப்பம் உண்டு. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட இரு றைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரேவிதமாக ஏற்பதில்லை. ஆகவே கழகத்தார் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி மாத்திரம் வாங்கி, மணல் மூட்டையிற் றைபிளைக் கிடத்தி, ஒரே நாளில், ஒரே தூரத்தில், ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக ஐந்து காகிதம் சுட்டுப் பார்த்தல் வேண்டும். வகையை மாற்றியதும் முதற் சில வெடிகளைக் கணக்கில் எடுக்கலாகாது. முந்திய தோட்டாவின் மெழுகு குழலில் ஒட்டியிருக்கும். பின்னர் அடிமட்டத்தினால் ஒவ்வொரு காகிதத்திலும் மிக விலகிய இரு துளைகளின் இடைத்தூரத்தை அளந்து சராசரி காண்க. ஒரே காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோர் ஏமாறுவர். எந்தத் தோட்டாவும் ஒருநாள் அதிட்டவசமாய் ஒன்றாய் விழும். வெல்லும் வகையைக் கண்டபின், பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி இலக்கத்தைப் பார்த்து, அதே தொகுதியில் ஆண்டுக்கு வேண்டியதை மொத்தமாய் எடுத்துவிடுதல் நல்லது. 50 கொண்ட பெட்டியாக அவ்வப்போது வாங்குவதிலும் 500 ஆக வாங்குவதில் விலையும் இறங்கும்.

மலிவு என்று சொல்லி வரும் பழைய சரக்கை மாத்திரம் தொடாதீர். எம் பகுதியின் உப்புக் காற்றும் ஈரமும் பித்தளையைப் பச்சை பூக்கச் செய்யும், மருந்து நமுத்துப்போகும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலைப் பலகையை நோக்கியபடியே அரை நிமிடமாவது பிடித்திருந்து, பிறகுதான் திறத்தல் வேண்டும். சில வேளை தாமதித்து வெடிக்கும். வெடித்த சத்தம் வழக்கத்திலும் நலிந்து கேட்டால் உடனே நிறுத்துக. சன்னம் குழலுக்குள்ளே சிக்கியிருக்கலாம். அதன் பின்னே அடுத்ததைச் சுட்டாற் குழல் பிளந்துவிடும். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய்க் கண்ணை இழப்பதா? மண்ணைக் கிளறும்போது வெளிப்படும் துருவேறிய தோட்டாக்களைப்பற்றி எம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன்: தொடாமல் விட்டு, பெரியோருக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள்.

இத்தனையும் கேட்ட என் மாணவன், “அப்ப நமக்கு இது சரிவராது போல சேர்” என்றான். அவன் தகப்பனார் வாவியில் வலை வீசிப் பிழைப்பவர். அவனுக்கு நான் சொன்ன விடை வேறு. 10 மீற்றர் வளித் துப்பாக்கி என்று ஒன்று இருக்கின்றது. அதில் மருந்துமில்லை, கோதுமில்லை; அழுத்தி அடைத்த காற்றே 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னத்தைத் தள்ளுகின்றது. 500 சன்னம் ஒரு சிறு தகரப்பேணிக்குள் அடங்கும். சன்னம் ஒன்றின் விலை சாதாரண .22 தோட்டாவின் விலையிலும் மிகக் குறைவு. போட்டிக்குரிய வளித் துப்பாக்கி விலை கூடியதே. ஆனால் ஒரு பாடசாலைக்கோ கழகத்துக்கோ ஒன்று இருந்தால் இருபது பிள்ளைகள் பழகலாம். களத்துக்குப் பெரிய மண் அணை வேண்டியதில்லை. சன்னத்தைத் தாங்கும் தடுப்பும், பூட்டிய கதவும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், மேற்பார்வைக்கு ஒருவரும் போதும். இதையும் விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடலாகாது. அனுமதி விதிகளை மாவட்டச் செயலகத்திற் கேட்டறிந்த பின்னரே வாங்கவேண்டும்.

இது தாழ்ந்த விளையாட்டும் அன்று. பத்துப் புள்ளிக்குரிய இடம் அரை மில்லிமீற்றர்ப் பொட்டு. கடலூரிற் பிறந்த தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கிண்ணப் போட்டியிலே தங்கம் வென்றது இந்த வளித் துப்பாக்கியினாலேதான். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் எம் நாட்டுத் தெஹானி எகொடவெல கலந்துகொண்டதும் இதிலேதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. .22 ஆயினும் வளித் துப்பாக்கியாயினும் சன்னம் ஈயமே. மலிவான தோட்டாவிற் பெரும்பாலும் மேற்பூச்சு இராது. விரலில் கருமை ஒட்டும். களத்திலே எதையும் தின்னலாகாது. வீடு திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கை கழுவி, சட்டையையும் வேறாகத் துவைக்கவேண்டும். ஈயம் உடலிற் சேர்ந்தாற் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும்.

இதை நான் அந்தத் தாயாருக்கும் சொல்லியனுப்பினேன். அவர் துவக்கைப்பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஆனால் பயிற்சிக்குப் போய்வரும் நாட்களில், கிணற்றடியிற் சவர்க்காரக் கட்டியை எடுத்து வைத்துவிட்டு, “கையக் கழுவிப்போட்டுச் சோத்துல வை மனே” என்று மாத்திரம் சொல்கின்றாராம்.