வலிக்கவில்லை என்று கண்ணை விட்டுவிடாதீர்கள்!

ஈப்போவில் நடந்த எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "ஒரு கண்ணு சரியா மூட மாட்டேங்குது. ஆனா வலி ஒண்ணும் இல்லை. இதுக்கு எதுக்கு டாக்டரு?"

வலி இல்லாததுதான் ஆபத்து. கண் மூடாமைக்கு முகவாதம் முதல் பல காரணங்கள் உண்டு. நாம் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒரு காரணம், தொழுநோய்.

மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ச்சியான பகுதிகளில்தான் நன்கு வளரும். ஆகவே மூளையை விட்டுவிட்டு, முகத்தில் தோலுக்கு அருகே ஓடும் கிளைகளைப் பிடிக்கிறது. 7ஆம் நரம்பு இமையை மூட வைப்பது. கன்ன எலும்பின் மேல் செல்லும் அதன் கிளை கெட்டால் கண் மூடாது. 5ஆம் நரம்பு கருவிழிக்கு உணர்ச்சி தருவது. அது கெட்டால் தூசு விழுந்தாலும் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? திறந்தே கிடக்கும் கண் காய்ந்து புண்ணாகி, வலியில்லாமலே பார்வை போய்விடும்.

நம் பெரியவர்கள் ஏன் இதை மறைத்தார்கள்? நோய் தெரிந்தால் குடும்பத்தைப் பிரித்து, 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அதே சுங்கை பூலோவில்தான், டாப்சோன் என்ற ஒரே மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கிறது என்பது 1964இல் நிரூபணமானது. உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. இன்று ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் மூன்றையும் நோயின் அளவைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் நோய் குணமாகும். யாரையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். கெட்ட நரம்பைத் தானாகத் திருப்பித் தராது. நரம்பு பாதித்து 6 மாதத்துக்குள் மருத்துவர் கண்காணிப்பில் பிரெட்னிசோலோன் தொடங்கினால், பல சமயம் நரம்பு மீளும். தாமதித்தால் இமைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதுவரை கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் கண்மூடி, தினமும் கண்ணாடியில் சோதனை அவசியம்.

தோட்டம் துண்டாடப்பட்டு டவுனுக்கு வந்துவிட்டோம். அந்தக் கூச்சத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோமே! நோய் வெளிப்பட 20 ஆண்டுகள்கூட ஆகலாம். முகத்தில் உணர்ச்சியற்ற தேமலோ, மூடாத இமையோ கண்டால் உடனே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் வேண்டாம்.