வலிக்குத் தடவும் மருந்துகள்: குழாயின் பின்புறத்தையும் படிப்போம்

நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வங்கிக் கிளைகளுக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்களிடம் தைல மணம் வீசுவது வழக்கம். நாள் முழுதும் கணினியின் முன் அமர்ந்திருக்கும் எங்கள் மேசை இழுப்பறைகளிலும் வலிநிவாரணக் குழாய் ஒன்று கிடப்பதுண்டு. மருத்துவர் சீட்டின்றி வாங்கும் இம்மருந்துகள் யாவும் ஒன்றே என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. குழாயின் பின்புறம் சிற்றெழுத்தில் அச்சிட்டுள்ள சேர்மானங்களைப் படித்தால், அவை செய்யும் வேலை வெவ்வேறு என்பது விளங்கும்.

1893-இல் காசிநாதுனி நாகேசுவர ராவ் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் முதல் இன்றைய தெளிப்பான்கள் வரை, நம் நாட்டில் பழகிய தைலங்கள் பெரும்பாலும் மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் ஆகியவற்றை நம்பியுள்ளன. மெந்தால் தோலைக் குளிர்விப்பதில்லை. குளிர்ச்சியை அறிவிக்கும் நரம்புமுனைகளைத் தூண்டிவிடுகிறது. அந்த உணர்வு முந்திக்கொள்ள, வலியுணர்வு சற்றே பின்தங்குகிறது. சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் இது போதுமானது.

லிடோகெயின் மெய்யாகவே மரக்கச் செய்வது. பல் பிடுங்குமுன் ஊசிவழி செலுத்தப்படும் மருந்தும் இதுவே. நரம்பு வலிச்செய்தியை அனுப்புவதையே இது தடுக்கிறது. ஆயினும் மேலே பூசினால் தோலும் அதனை ஒட்டிய பகுதியுமே மரக்கும். மூட்டின் உட்புறம் வரை இது செல்வது அரிது. உடலின் பெரும்பரப்பில் பூசி, மேலே பாலித்தீன் சுற்றினால், மருந்து குருதியில் மிகுதியாகக் கலந்து இதயத்தையும் மூளையையும் பாதிக்கக்கூடும்.

டைக்ளோஃபெனாக் களிம்பு வீக்கத்தைத் தணிப்பது. முழங்கால், கைவிரல் மூட்டுத் தேய்மானத்திற்கு நன்கு உதவும். இடுப்பு மூட்டோ தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால் அங்கு இதன் பயன் குறைவு. இதில் ஒரு சிறு கணக்கு உண்டு. முழங்கால் ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம் வீதம் நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை பூசுவது வழக்கமான அளவு. அவ்வாறாயின் 30 கிராம் குழாய் அதிகம் போனால் ஐந்து நாள் வரும். நாமோ மிளகளவு தொட்டுப் பூசி, அதே குழாயை ஆறு மாதம் வைத்திருந்து, மருந்து கேட்கவில்லை என்று குறைகூறுகிறோம்! கைவிரல்களில் பூசியவர் ஒரு மணி நேரமேனும் கை கழுவாதிருத்தல் வேண்டும். ஏனையோர் உடனே கழுவிவிடுவது கண்ணுக்கு நல்லது.

பூசிய இடத்தில் வெந்நீர்ப் பை வைப்பது நம் இல்லங்களில் பரவலான பழக்கம், அது தவறு. வெப்பம் மருந்தை அளவுக்கு மீறி உள்ளே செலுத்துவதுடன் தோலையும் புண்ணாக்கும். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது என்பதால் அவர்களுக்கு இடர் மிகுதி. காயத்தின் மீதும் பூசலாகாது.

வெளிப்பூச்சுதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது மற்றொரு பிழை. வார்ஃபரின் போன்ற குருதி உறையாமை மருந்து உண்போர் மெத்தில் சாலிசிலேட்டைத் தொடர்ந்து பூசினால் குருதிக்கசிவு நேரலாம். சிறுநீரக நோய், இரைப்பைப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக்கைக் கேட்டறிந்தே பூச வேண்டும். கற்பூரம் கலந்த தைலத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும். ஆதலால் அதற்கு இடம் உயரமான அலமாரியே. ஏழு நாள் பூசியும் குறையாத வலியையும், சிவந்து வீங்கிக் காய்ச்சலுடன் வரும் மூட்டு வலியையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்று. இடத்தோள், இடக்கை, தாடை ஆகியவற்றில் திடீரெனத் தோன்றும் வலி, நெஞ்சு இறுக்கத்துடனோ வியர்வையுடனோ மூச்சுத்திணறலுடனோ வருமாயின் அது தசைவலியாக இராமல் மாரடைப்பாக இருக்கலாம். அப்போது தைலம் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். தடவிக்கொண்டு விடியும்வரை பொறுத்திருக்கும் நேரம், இதயத் தசை அழிந்துகொண்டிருக்கும் நேரம்.