செங்குத்து வெட்டுமுகப் படங்களில் நிலவுருவை நிழலிடுதல்

அழுத்த மட்டங்களில் தரப்படும் வளிமண்டலத் தரவுகளைக் கொண்டு செங்குத்து வெட்டுமுகம் வரையும்போது மலைகள் படத்தில் தாமாகத் தோன்றுவதில்லை. ஈஆர்ஏ5 மீள்பகுப்பாய்வு 1000 முதல் 1 ஹெக்டோபாஸ்கல் வரையிலான 37 மட்டங்களிலும் எல்லா இடங்களுக்கும் மதிப்பளிக்கிறது. சராசரியாக 4,500 மீட்டர் உயரமுள்ள திபெத் பீடபூமியில் தரையழுத்தம் ஏறத்தாழ 580 ஹெக்டோபாஸ்கலே. அங்கு 850 ஹெக்டோபாஸ்கலில் காற்றே கிடையாது. ஆயினும் அம்மட்டத்திற்குரிய வெப்பநிலையும் காற்றுவேகமும் கோப்பில் உள்ளன. அவை கீழ்நோக்கி நீட்டிக் கணக்கிடப்பட்டவை. நிழலிடாத படம் பாறைக்குள் காற்று வீசுவதாகக் காட்டும்.

வரையும் முறை எளிது. வெட்டுக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் தரையழுத்தத்தை எடுத்து, 100ஆல் வகுத்துப் பாஸ்கலை ஹெக்டோபாஸ்கலாக்கி, அக்கோட்டிற்கும் அச்சின் அடிவிளிம்பிற்கும் இடைப்பட்ட பகுதியைச் சாம்பல் நிறத்தால் நிரப்ப வேண்டும். பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் நூலகத்தில் ‘ஃபில் பிட்வீன்’ என்னும் செயற்கூறு இதற்குப் போதும். நிழல், சமமதிப்புக் கோடுகளுக்கு மேலடுக்கில் அமைய வேண்டும். தரையழுத்தத்திற்குப் பதிலாகக் கடல்மட்ட அழுத்தத்தை எடுத்தால் இமயமலையே மறைந்துவிடும்.

உண்மையான இடர் சராசரியில் உள்ளது. பருவக்காற்றை ஆராய்வோர் 80 முதல் 90 பாகை வரையிலான கிழக்கு நெடுங்கோடுகளைச் சராசரியாக்கி, அகலக்கோட்டு வெட்டுமுகம் வரைவதுண்டு. ஓர் அகலக்கோட்டில் பாதிப் புள்ளிகளின் தரையழுத்தம் 600, மீதிப் புள்ளிகளினது 800 எனக் கொள்வோம். சராசரி 700, நிழலும் அங்கேயே தொடங்கும். ஆனால் நிழலுக்கு வெளியே, 650 ஹெக்டோபாஸ்கலில் உள்ள சராசரியிற் பாதி எண்கள் நிலத்தடிக்குரியவை. நிழல் மறைக்குமேயன்றி நீக்காது. எனவே ஒவ்வொரு நேரத்திலும் ஒவ்வொரு புள்ளியிலும் நிலத்தடி மதிப்புகளை விடுபட்டவையாகக் குறித்த பின்னரே சராசரி காண வேண்டும். அப்போது 600க்கும் 800க்கும் இடைப்பட்ட மட்டங்களில் பாதிப் புள்ளிகளே எஞ்சும். அப்பகுதிக்கு மெல்லிய நிழலும் 800க்குக் கீழே அடர்நிழலும் இடுவதே நேர்மையான முறை என்பது என் கருத்து.

நுண்ணிய செயற்கைக்கோள் உயரத் தரவைக் கொண்டு மலைமுகட்டை வரைவது கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஈஆர்ஏ5இன் கட்ட இடைவெளி ஏறத்தாழ 31 கிலோமீட்டர். சில பத்துக் கிலோமீட்டர் அகலமே உடைய பாலக்காட்டுக் கணவாய் அதில் செவ்வையாக அமைவதில்லை. மாதிரியின் காற்று, மாதிரியின் மலைமீதே வீசுகிறது. ஆகவே நிழலுக்கு மாதிரியின் தரையையே கொள்ள வேண்டும். உண்மை முகடு தேவைப்படின் தனிக்கோடாக வரைந்து, எது எதுவெனப் படக்குறிப்பில் எழுதிவிடலாம்.